கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சீர்

ஜூன் 14, சனி

கோபம். என் தலையில் அண்டாவை வைத்தால் அரிசி வெந்துவிடும், அவ்வளவு கோபம்.

பொன்னூத்து கோல்ஃப் கிளப்பின் கேப்டன் டாக்டர் சந்தானகிருஷ்ணன் பிறர் தொண்டையைப் பார்த்துப் பிழைக்கிறவர். இன்றைக்குத் தன் தொண்டையைத் திறந்தார். சாப்பாட்டுக் கூடத்தில், எல்லார் காதிலும் விழும்படி, "என்ன சிகாமணி, உங்க அக்கா மக பழைய இரும்பு செட்டைத் தூக்கிட்டு ஆம்பளையாட்டம் வீசுது? பொண்ணுங்களுக்குன்னு லேசா லேடீஸ் செட் வருதே, அதொண்ணு வாங்கித் தர மாமனுக்கு வக்கில்லையா?" என்றார்.

வக்கு! எனக்கு! தெய்வசிகாமணிக்கு! கொங்கு நாட்டின் பாதிக் கிணறுகளில் தண்ணீரை மேலே ஏற்றியது என் பம்ப்செட். வருண பகவான் செய்தது பாதி, நான் செய்தது பாதி. அவருக்குக் கோயில் இருக்கிறது, எனக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மிருதுளா என் அக்கா ருக்மணியின் மகள். பேர்தான் மிருது, கை இரண்டும் உலக்கை. காலேஜில் ஈட்டி எறிந்தவள். ஏதோ ஒரு எஸ்டேட் மேனேஜர் கழித்துவிட்ட ஸ்டீல் செட்டை வாங்கி ஆடுகிறாள். அவள் அடிக்கிற பந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளாவுக்குள் போகப் பார்க்கும், செக்போஸ்ட்டுக்குப் பயந்துதான் இறங்கும்.

மாநில மகளிர் அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் எங்கள் கிளப்பில்தான். 29ஆம் தேதி ஒரு சுற்று, அடுத்த ஞாயிறு மறு சுற்று. இரண்டையும் சேர்த்துக் குறைந்த அடியில் முடிக்கிற மூன்று பேருக்கு இடம். இடம் கிடைக்காவிட்டால் மட்டையை மூட்டை கட்டிவிட்டுத் தன் நூல் மில் ஆபீஸில் வந்து உட்கார வேண்டும் என்று அவள் அப்பா குழந்தைவேல் மச்சான் சொல்லிவிட்டார். மச்சானுக்கு நூல் தெரியும். நூலைத் தவிர உலகத்தில் எதுவும் தெரியாது.

செட் வாங்குகிறேன். வாங்கி, டாக்டரின் காது, மூக்கு, தொண்டை மூன்றையும் ஒரே நேரத்தில் அடைக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

காலையில் விசாலாட்சிதான் சட்டையை மாட்டிவிட்டாள். என் வலது தோள் மேலே ஏற மறுக்கிறது. வலி என்று சில பொறாமைக்காரர்கள் சொல்லலாம். ஆலமரத்தின் கிளை லேசில் தூக்க வருமா? கனம் அப்படி.

கோயமுத்தூரில் கடைக்குப் போனேன். அங்கே நின்ற பெண் கேட்ட கேள்விகள்! "யாருக்குங்க சார்? எவ்வளவு உயரம்? எவ்வளவு வேகமா வீசுவாங்க? ஒரு தடவை அவங்களைக் கூட்டிட்டு வந்தீங்கன்னா அளந்து பார்த்துடலாம்." நான் மட்டை வாங்க வந்தேனா, ஜாதகப் பொருத்தம் பார்க்க வந்தேனா? "பொண்ணுக்கு, பொண்ணுங்க செட். இருக்குதா இல்லையா?" என்று கர்ஜித்தேன். கண்ணாடி அலமாரி நடுங்கியது. வெள்ளியங்கிரிப் பக்கம் இரண்டு யானைகள் திரும்பிப் பார்த்ததாகக் கேள்வி.

கொண்டுவந்து வைத்தாள். பையிலிருந்து பிடி வரைக்கும் எல்லாம் கத்தரிப்பூ நிறம். கம்பி இரும்பில்லை, கிராஃபைட்டாம். முருங்கைக் கிளைபோல வளைந்து கொடுக்கிறது. தலை சின்னது, நீளம் குறைச்சல், மொத்தமும் ஒரு கைக்குழந்தையின் எடை. பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரி பல்லைக் காட்டுகிறாள். பக்கத்தில், மென்மையான கரங்களுக்கு மட்டுமே என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறது.

வாங்கிவிட்டேன். என் வீரத்தைக் கண்டு வெள்ளைக்காரி இன்னும் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

ஜூன் 18, புதன்

மேல்தொட்டி கழுவியாயிற்று. பாசி ஒரு விரல் கனம்.

தாராபுரத்திலிருந்து ஒருத்தன் போன். கம்பெனியை மகனிடம் கொடுத்தாலும் கொங்கு நாடு என்னைத்தான் கூப்பிடுகிறது. "மோட்டார் ஒண்ணு வேணுமுங்க." கிணறு எவ்வளவு ஆழம் என்றேன். "அதெல்லாம் யாருக்குங்க தெரியும், ஒசத்தியா ஒண்ணு குடுங்க" என்கிறான். வந்ததே கோபம்! "கிணத்து ஆழம் கேக்காம மோட்டார் விக்கிறவன் திருடன். ஆழம் சொல்லாம வாங்கறவன் மடையன். என்னைத் திருடனாக்காதே, நீயும் மடையனாகாதே" என்று போனை வைத்தேன். கிடைத்தற்கரிய இந்த வாக்கியத்தைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டும்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த விசாலாட்சி தலையைத் தூக்கி என்னையே பார்த்தாள். பெருமையாக இருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

இன்று சீர்.

கொங்கு நாட்டில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் தாய்மாமன் தட்டு வராமல் மேளம் கொட்டாது. மாமன் கொண்டுவந்ததைக் குறை சொல்லவும் கூடாது, திருப்பிக் கொடுக்கவும் கூடாது. கொடுத்தால் உறவே அறுந்துபோகும். கோல்ஃபுக்கு இதுவரை யாரும் சீர் செய்ததில்லை. அதனால்தான் செய்தேன். முதல் ஆளாக இருப்பது என் குலவழக்கம்.

நாதஸ்வரம், தவில், பதினொரு தட்டு. தேங்காய், பழம், மல்லிகை, பட்டு. நடுவில் தாம்பாளத்தில் கத்தரிப்பூ மட்டைகள், ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம். அக்கா அழுதாள். மச்சான் இருமினார். பக்கத்து வீட்டார் யாருக்குக் கல்யாணம் என்று எட்டிப்பார்த்தார்கள்.

பழசை வைத்துக்கொண்டு புதுசு கொடுத்தால் சீருக்கு மரியாதையா? ஆகையால் காலையிலேயே கிளப்பில் இருந்த அவள் ஸ்டீல் செட்டைக் கார் டிக்கியில் தூக்கிப் போட்டு பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்டேன். அந்தக் காசில் பேரீச்சம்பழம் வாங்கினேன். பதினோராவது தட்டு அதுதான். என்ன ஒரு நகைச்சுவை! நானே சிரித்தேன்.

"எப்படி அம்மிணி இருக்குது?" என்றேன்.

"நல்லா இருக்குதுங்க மாமா." மட்டையைக் கையில் வாங்கி ஒரு தடவை லேசாக ஆட்டிப் பார்த்தாள். பிறகு பேரீச்சம்பழத் தட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பசி போலிருக்கிறது. எடுத்துக்கோ கண்ணு என்றேன். எடுக்கவில்லை. ஆனந்தத்தில் பசி அடங்கியிருக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

பயிற்சி பார்க்கப் போனேன். அடித்த பந்தெல்லாம் உயரமாக எழும்பி இடது பக்கம் வளைந்து ஓடையில் விழுகிறது. ஆனி மாதக் காற்று! கணவாயில் கிளம்பி நேராக என் மருமகளின் பந்தைத் தேடி வருகிறது. இந்தக் காற்றுக்கு எதிராக வழக்குப் போட வழி உண்டா என்று வக்கீலைக் கேட்கவேண்டும்.

"மாமா, பழைய செட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"அந்தக் கருமாந்திரம் இந்நேரம் உருகி ஜன்னல் கம்பியாகியிருக்கும், கவலைப்படாதே" என்று தைரியம் சொன்னேன். சரிங்க மாமா என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று காற்று இல்லை. பந்து இடது பக்கம்தான் போகிறது. காரணம் மயில்கள். சரியாக அவள் வீசும் நேரத்தில் ஒன்று கத்துகிறது. கமிட்டிக்குப் புகார் எழுதினேன். புல் வெட்டுகிறவர் மேலும் ஒரு புகார். மண் மேலும் ஒன்று எழுதலாம் என்றிருக்கிறேன்.

ஜூன் 25, புதன்

ஆராய்ச்சி செய்தேன். கம்பெனிக்காரன் மோசம் செய்திருக்கிறானா என்று கண்டுபிடிப்பது மாமன் கடமை. மிருதுளா வராத நேரம் பார்த்து அவள் ஏழாம் நம்பர் மட்டையை எடுத்து, யாரும் இல்லாத மூலையில் போய் ஒரு அடி அடித்தேன்.

பந்து போயிற்று. நேராக. போய்க்கொண்டே இருந்தது. தோள் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

இன்னும் ஒரு கூடைப் பந்து அடித்தேன். எல்லாம் ஆராய்ச்சிக்காக. முடிவு: மட்டையில் குறையே இல்லை. அப்படியானால் குறை மயிலில்தான்.

ஜூன் 27, வெள்ளி

மறுபடியும் ஆராய்ச்சி.

ஜூன் 29, ஞாயிறு

பேனாவை இரண்டு தடவை உடைத்தேன். (ஒரு தடவை. இன்னொன்று ஏற்கெனவே உடைந்தது.)

முதல் சுற்று முடிந்தது. மிருதுளா ஏழாவது. ஏழாவது! அரண்மனை யானையை ஆட்டுக்கிடாய்ப் போட்டியில் தோற்கடித்திருக்கிறார்கள். இரண்டு பந்து ஓடையில், ஒன்று மூங்கில் புதரில், ஒன்று டாக்டர் சந்தானகிருஷ்ணனின் கார் மேல். கடைசியில் சொன்னதற்கு மட்டும் பந்தைப் பாராட்டுகிறேன்.

கோபித்துக்கொண்டவர்கள் பட்டியல்: காற்று, கமிட்டி, மயில், ஸ்கோர் எழுதியவர், சேலத்திலிருந்து வந்து முதலாவதாக நிற்கிற பெண், அந்தப் பெண்ணின் தொப்பி.

மச்சான் போன் செய்து, "மில்லுல அக்கவுண்ட்ஸ் டேபிளைத் துடைச்சு வைக்கச் சொல்லியாச்சு மாப்ள" என்றார். நூலை விழுங்கிவிட்டுப் பேசுகிறவர்போல அப்படி ஒரு நிம்மதி அவர் குரலில்.

ஜூலை 1, செவ்வாய்

வீட்டில் போர்.

மட்டைக் கம்பெனிக்குப் புகார் எழுதலாமா என்று சத்தமாக யோசித்துக்கொண்டிருந்தேன். விசாலாட்சி தோசை வார்த்துக்கொண்டே, "ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுமா? கிணத்து ஆழம் கேட்டீங்களா?" என்றாள்.

"எந்தக் கிணறு?"

"ஈட்டி எறிஞ்ச கிணறு."

இந்த வீட்டில் தோசைக்கு உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். உண்மையில் உப்பு சரியாகத்தான் இருந்தது. அதுவும் கோபத்தைக் கிளப்பியது.

ஜூலை 2, புதன்

இன்று பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மிருதுளா பயிற்சி செய்துகொண்டிருந்தாள். மரத்துக்குப் பின்னால் நான் நின்றது அவளுக்குத் தெரியாது. மரம் மெலிசு, நான் அப்படியில்லை, ஆனாலும் தெரியவில்லை. அவள் மெதுவாக வீசினாள். பாதிதான் தூக்கினாள், பாதி வேகத்தில் இறக்கினாள். கோலப்பொடி தூவுகிற மாதிரி. வேகம் காட்டினால் அந்தக் கம்பி வளைந்து, தலை முன்னால் ஓடிப்போய்ப் பந்தை இடது பக்கம் திருப்பிவிடுகிறது. அதனால் வேகத்தைக் குறைக்கப் பழகுகிறாள். ஈட்டியை மைதானத்துக்கு வெளியே எறிந்து வாட்ச்மேனை ஓட வைத்தவள். பந்து சாதுவாக நேராகப் போய்ப் பாதி தூரத்தில் உட்கார்ந்தது.

டாக்டர் கை தட்டினார். "இப்பத்தாம்மா பொண்ணு மாதிரி வீசுற! மாமன் வாங்கிக் குடுத்த செட்டோட மகிமை பாரு!"

அவள் சிரித்தாள். மட்டையைத் துணியால் துடைத்து, நான் வைத்த குங்குமம் அழியாதபடி துடைத்து, உறைக்குள் போட்டாள்.

யார் இவர்கள்? பூசணிக்காயைக்கூடத் தட்டிப் பார்த்து, எடை பார்த்து வாங்குகிற ஊரில், உலகத்துப் பெண்களின் கையெல்லாம் ஒரே எடை என்று முடிவு கட்டியவன் எவன்? அவனுக்கு அம்மா இல்லையா? அவன் அம்மா அவனை ஒரு தடவைகூட அறைந்ததில்லையா? கேட்காமல், அளக்காமல், கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றைச் செய்து, மென்மையான கரம் என்று எழுதி, அதைக் கொண்டுபோய் ஒரு பெண்ணின் தலையில் கட்டுகிற மூடன் எவன்?

அவன் பேரை இங்கே எழுதப்போவதில்லை.

ஜூலை 3, வியாழன்

ராஜதந்திரம் நடந்த நாள். சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும்.

சீரைத் திருப்பி வாங்கினால் மாமன் உறவு போச்சு. அவளாகக் கொடுத்தால் அதைவிடப் பாவம். மாமனே கையேந்திக் கேட்டால்? கேட்கக்கூடாது என்று எந்த வழக்கமும் இல்லை. ஏனென்றால் எந்த மாமனும் இதுவரை கேட்டதில்லை. முதல் ஆளாக இருப்பது என் குலவழக்கம் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

என் சொந்த ஸ்டீல் செட்டைப் பற்றி இந்த நாட்குறிப்பில் எழுதவில்லை. அது எழுதப்படும் பொருளன்று, தொழப்படும் பொருள். கம்பெனி ஆரம்பித்து முதல் நல்ல வருஷத்தில் வாங்கியது. கனம், நீளம், விறைப்பு எல்லாம் பீமனுக்கு அளவெடுத்தது. ஆயுத பூஜைக்கு என் காருக்கு முன்னால் அதற்குத்தான் பொட்டு. அதை விசாலாட்சிகூடத் தொட்டதில்லை. தூசி தட்டுவதும் நானே. (தோள் இப்படி ஆனபிறகு தூசி தட்டுவது மட்டும்தான்.)

மத்தியானம் அந்தச் செட்டைக் கிளப்புக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் மிருதுளா மோர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜையில் டாக்டரும் அவர் சேனையும்.

"அம்மிணி," என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "உங்கிட்ட ஒரு பிச்சை கேக்க வந்திருக்கறேன்."

மோர் டம்ளர் பாதியில் நின்றது. "என்னங்க மாமா, இப்படிப் பேசறீங்க?"

"எனக்கு வயசாச்சு. தோள் போயிருச்சு. சட்டை மாட்டறதுக்கே உங்க அத்தை வேணும். இந்த இரும்பை என்னால தூக்க முடியல. உன்ற செட்டு லேசா இருக்குது. அதை எனக்குக் குடுத்துட்டு, இதை நீ எடுத்துக்கறியா?"

அவள் என்னைப் பார்த்தாள். செட்டைப் பார்த்தாள். "மாமா, இதை யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லுவீங்களே."

"தொடச் சொன்னனா? வீசச் சொல்றேன்."

டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சிகாமணி! லேடீஸ் செட்டா உங்களுக்கு? அந்தக் கலர்ல?"

"ஆமாங்க டாக்டர். லேசா வேணும்கிறவன் நான். அவளுக்கு வேண்டாம். அவ கனம் தூக்கற பொண்ணு. அளந்து பார்க்காம வாங்கிட்டேன்."

கடைசி வாக்கியம் தந்திரத்தில் சேர்ந்ததில்லை, வாய் தவறி வந்தது. வாய்மேலும் கோபம்.

மிருதுளா எழுந்து என் பையிலிருந்து ஒரு மட்டையை உருவினாள். கையில் வாங்கின உடனே அவள் தோள் இரண்டும் கீழே இறங்கிய விதம்... அன்றைக்குச் சீரில் கொடுத்ததை வாங்கியபோது இறங்கவில்லை. நான்தான் பார்க்கவில்லை.

"மாமா, உங்க தோள் நெசமாலுமே இவ்வளவு மோசமா?" என்று காதோடு கேட்டாள்.

"சும்மா நடிப்பு" என்றேன்.

ராத்திரி சட்டையைக் கழற்ற விசாலாட்சி வந்தாள். கூடவே தைலம் கொண்டுவந்திருந்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

மச்சான் வந்திருந்தார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இழவு வீட்டுக்கு வந்தவர்போல.

முதல் அடி. மிருதுளா முழுசாகத் தூக்கினாள். முதுகு மொத்தமும் திரும்பியது. அடித்த சத்தத்தில் மயில் ஒன்று கத்த வாய் திறந்து, கத்தாமலே மூடிக்கொண்டது. சத்தியமாகப் பார்த்தேன்.

மச்சான் கண்ணைச் சுருக்கி வானத்தைத் துழாவினார். "மாப்ள, பந்து எங்க போச்சு?"

"உங்க மில் பக்கமாத்தான் போயிருக்குது. அக்கவுண்ட்ஸ் டேபிள் மேல இருக்குதான்னு போன் போட்டுக் கேளுங்க."

எதிர்க்காற்று. மற்றவர்கள் பந்தெல்லாம் காற்றில் காகிதம்போல மிதந்தது. அவள் பந்து தாழப் போயிற்று, கவண்கல் மாதிரி. இரண்டு குழிகளில் சொதப்பினாள். நான் இரண்டு தடவை செத்தேன். பதினாறாவது குழியில் ஓடைக்கு மேலே அடித்தபோது மச்சான் என் கையைப் பிடித்தார், அந்தப் பாழாய்ப்போன தோள் இருக்கிற கையை. கத்தினேன். உற்சாகத்தில் கத்தியதாக எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு சுற்றும் சேர்த்து மூன்றாவது. ஒரே ஒரு அடி வித்தியாசத்தில்.

அக்கா அழுதாள். அவள் எதற்கும் அழுவாள். மச்சான் ஒரு ஓரமாகப் போய் மூக்கைச் சிந்தினார். டாக்டர் வந்து, "பரவால்ல, கடைசில பொண்ணு ஆம்பளையாட்டமே அடிச்சு ஜெயிச்சிருச்சு" என்றார்.

"இல்லீங்க," என்றாள் மிருதுளா. "நான் அடிக்கற மாதிரிதான் அடிச்சேன்."

நான் சொல்ல நினைத்திருந்தது இதைவிடப் பிரமாதமாக இருந்திருக்கும். முந்திக்கொண்டாள்.

ஜூலை 10, வியாழன்

காலையில் வாசலில் நாதஸ்வரம். நம் வீட்டில் என்ன விசேஷம் என்று கதவைத் திறந்தால் மிருதுளா, பட்டுப் பாவாடை தாவணியில், பின்னால் அக்காவும் மச்சானும், தட்டுத் தட்டாக. நடுவில் தாம்பாளத்தில் கத்தரிப்பூ மட்டைகள், சந்தனம், குங்குமம். அன்றைக்கே தராமல், அப்புறம் தருகிறேன் என்று அவள் வைத்துக்கொண்ட என் மட்டை, என் குங்குமத்துக்கு மேலேயே புதுக் குங்குமம்.

"இது என்ன கூத்து?" என்று இரைந்தேன்.

"மாமனுக்கு மருமக சீர்" என்றாள். "கடையில சொல்லி அளவு மாத்தி, நீளம் கூட்டிக் கொண்டாந்திருக்கறேன். உங்க உயரம் அத்தையைக் கேட்டேன். தோளும் கேட்டேன்."

இப்படி ஒரு வழக்கமே கிடையாது! கொங்கு நாட்டில் எவளும் மாமனுக்குச் சீர் செய்ததில்லை! தவில்காரர் தாளம் தப்பினார். வாழைப்பழம் காய். மல்லிகை நேற்றுப் பறித்தது. மச்சான் பட்டு வேட்டியில் நூல் பிரிந்திருந்தது, நூல்காரர் வீட்டிலேயே. எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். மாமன் சீரில் குறை சொல்லக் கூடாதே தவிர, மாமன் குறை சொல்லலாம்.

பதினோராவது தட்டை மட்டும் துணி போட்டு மூடியிருந்தது. திறந்தேன்.

பேரீச்சம்பழம்.

எவ்வளவு திமிர்! அவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. விசாலாட்சிதான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். இன்னொன்று போட்டேன். மொத்தத் தட்டையும் யாருக்கும் கொடுக்காமல் நானே தின்று தீர்த்தேன். வலது கையால்தான் எடுத்துத் தின்றேன், கை வாய்வரைக்கும் நன்றாகத்தான் எழும்பியது.